நசுக்கக் கூடாது

கவரின் மேல் நான் எழுதியது இவ்வளவுதான்:
காலை ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்.
பேனா எழுதாமல் இரண்டு முறை உதறினேன்.
வரிசையில் இன்னும் நாற்பது பேர்.
வேதாளைப் பக்கம் அன்று கச்சான் காற்று,
ஜன்னல் வழியே சீட்டுகளைப் பறக்கடித்தது.

நம்புவள்ளி அதை வாங்கிப்போய்
கரண்டியின் முதுகால் நசுக்கினாள்.
வாய் கோணிப்போன கருமலைக்கு
முழு மாத்திரை இறங்காது,
தண்ணீரே புரையேறும்.
கஞ்சியில் கரைத்து, ஆற்றி, ஊட்டினாள்.
அன்பில் ஒரு குறையும் இல்லை.
மாத்திரையில்தான்
ஒரு பகலும் ஓர் இரவும்
மடித்து வைக்கப்பட்டிருந்தன.

நாளெல்லாம் துளித்துளியாய்க் கசிய வேண்டியது
கஞ்சிச் சட்டி ஆறுவதற்குள்
மொத்தமாய் ரத்தத்தில் ஏறிவிட்டது.
குழாய்களெல்லாம் கட்டவிழ்த்த பாயாய்த் தொய்ந்தன.
அழுத்தம் எண்பதுக்குக் கீழே.
ஷேர் ஆட்டோவில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

"ஆரம்பத்துலயே ஊசி போட்டிருக்கலாம்ல?"
என்றான் மைத்துனன்.
இந்தக் கரையில் எல்லோரும் கேட்பது ஊசியைத்தான்.
அது நேரே ஆழத்தில் இறங்கிவிடும்.
விழுங்குவது அப்படியல்ல:
வயிற்றின் புளிப்பு, குடலின் சுவர்,
பிறகு ஈரல்.
பாம்பன் பாலம் தூக்கும்வரை
படகுகள் காத்துக் கிடக்குமே, அந்த மாதிரி ஓரிடம்.
ஆனால் இங்கே பாதிச் சரக்கை
இறக்கிக்கொண்டுதான் விடுவார்கள்.
நாக்கடியில் வைப்பது மட்டும்
பாலத்துக்கு வராமல் வேறு வழி போகும்.
சொல்லிக்கொண்டே போனேன்.
அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள்தான் கேட்டாள்:
"உள்ளே போனது எப்பம்மா வெளியே போகும்?"

பங்கு பிரிப்பீர்களே, அதுபோல என்றேன்.
கிடப்பதில் பாதி முதலில் கழியும்.
அதே அளவு நேரம் கழித்து
மிச்சத்தில் பாதி. அப்புறம் அதில் பாதி.
"அப்போ கடைசி வரைக்கும் தீராதே."
தீராதுதான். ஒரு கட்டத்தில்
எண்ணுகிறவர் எழுந்து போய்விடுவார்.
சிரித்தாள்.
கரையில் ஏமாந்து பழகியவளின் சிரிப்பு.

இரவு பதினொன்றுக்கு நூற்றுப்பத்து.
கருமலை இடக்கையால் போர்வையைத் தள்ளினார்.

அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன்.
துணி சுற்றிய விரல்கள்,
பார் கிழித்த கோடுகள்.
முங்கிக் கட்டக்கோரை அறுப்பவள்.
எடை போட்டு வண்டியில் ஏற்றுவது
எங்கே போகிறதென்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும் அரைகுறைதான்:
அந்தப் பாசியின் பசையைச்
சில மாத்திரைகளுக்குள் சேர்ப்பதுண்டு.
ஈரம் பட்டதும் கூழாய் உப்பி
மருந்தைக் கைக்குள் பிடித்து
விரல் விரலாய் விடும்.

"அப்போ நான் முங்கி எடுத்ததை
நானேதான் நசுக்குனேனா?"

இருக்கலாம் என்றேன். இல்லாமலும் இருக்கலாம்.
கவரில் எழுதாமல் விட்டது நான்.
அதைச் சொல்ல எனக்கு
மறுநாள் மதியம் வரை ஆனது.

இப்போது வேறு மாத்திரை.
சின்னது, வெள்ளை, நசுக்கலாம்.
சீக்கிரம் கரையும், சீக்கிரம் போய்விடும்.
காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து.
ஆறுக்கு அவள் வல்லத்தில் இருப்பாள்.
இரண்டுக்கு மூச்சடக்கி நீருக்கடியில்.
ஒரு மாத்திரை ஒரு நாளைத் தாங்கியவரை
அந்த நாள் அவளிடம் இருந்தது.
அமாவாசை வத்தத்துக்கு அப்போது நாலு நாள்.

தோலில் ஒட்டும் பட்டை உண்டு,
வாரம் முழுக்கக் கசியும்.
எங்கள் அலமாரியில் இல்லை.
மேலே எழுதிப் போட்டிருக்கிறேன்.
வந்தாலும் இந்த உப்பு வேர்வையில் நிற்குமா,
தெரியாது.

இப்போதெல்லாம் கவரில்
நேரத்துக்கு முன்னால் வழியை எழுதுகிறேன்:
அப்படியே விழுங்கவும். நாக்கடியில். நசுக்கக் கூடாது.
வரிசை நகரவில்லை என்று திட்டுகிறார்கள்.

நேற்று மதியம் ஜன்னலை மூடிவிட்டுக்
கரை வரை நடந்தேன்.
நல்ல வத்தம். பக்கத்துப் பாரில்
தலைகள் எழுந்தன, மூழ்கின.
எது அவளென்று தெரியவில்லை.
கடிகாரத்தில் இரண்டு மணி பத்து நிமிடம்.