கழித்தல் குறி

கோடை முழுக்க ஒழுங்காகத்தான் ஓடியது.
இருபத்துநாலு என்றொரு கோப்பு, பத்தொன்பது என்றொன்று.
கிம்லியில், கனோலாக் கிடங்கில், பியார்னி
விடியலில் வெளியே நிற்கும் வெப்பத்தையே
அன்றைய பதிவுக்குப் பெயராக வைப்பான்.
அதே எண் திரும்பி வந்தால்
அதே கோப்பின் அடியில் எழுதுவான்.
சனிக்கிழமை என் நிரல்
எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி
வின்னிபெக்குக்கு அனுப்பும்.
அவன் அடைவைக் காலி செய்துவிட்டு
மீன் பிடிக்கப் போவான்.

நவம்பர் இருபத்திரண்டு. முதல் மறுப்பு.
"-10: இப்படியொரு விருப்பம் எனக்குத் தெரியாது."

பியார்னி கத்தவில்லை.
குளிரில் வண்டியே கிளம்புவதில்லை,
அதுபோலத்தானே என்றான் தொலைபேசியில்.
அதுபோல இல்லை.
வண்டியை நான் செய்யவில்லை.

போர்ட்டேஜ் அவென்யூ, ஏழாம் மாடி,
வெப்பக்குழாய் உள்ளுக்குள் யாரோ தட்டுவதுபோல் தட்ட,
என் வரிகளை நானே படித்தேன்:
முன்னால் கோடு இருந்தால் ஏவல்,
இல்லாவிட்டால் பெயர்.
போன ஜூலையில் எழுதியது,
ஜன்னலைத் திறந்துபோட்டு, செர்ரி தின்றபடி.
ஜூலையில் எழுதுகிறவளுக்குக்
கழித்தல் குறி நினைவில் வராது.

ஒட்டி வரும் எழுத்துகளைப்
பதம் பிரிப்பது பெரிய காரியமில்லை.
சி, இஸட், எஃப்:
கட்டு, நசுக்கு, இந்தப் பெயரில்.
எஃப்புக்கு மட்டும் கொஞ்சம் பசி,
அடுத்து எது வந்தாலும் பெயரென்று விழுங்கும்.
வரிசை மாற்றி எஃப்பை நடுவில் வைத்த ஒக்ஸானாவுக்கு
இஸட் என்ற பெயரிலேயே ஒரு மூட்டை கிடைத்தது.
உருப்படியான மூட்டைதான். நசுங்கவில்லை, அவ்வளவே.

எண்களும் ஏவல்தான் என் நிரலில்.
ஒன்று என்றால் லேசாக நசுக்கு,
ஒன்பது என்றால் உயிர் போக நசுக்கு.
பூஜ்யத்துக்கு நான் பொருள் வைக்கவில்லை.

அங்கே கை நின்றது.

மைனஸ் பத்தில் பூஜ்யம் இருந்ததால்தான் கத்தியது.
மைனஸ் மூன்று கத்தவில்லை. மைனஸ் ஏழும்.
ஆணை என்று எடுத்துக்கொண்டு
மற்றவற்றைப் பணிவாக நசுக்கிவிட்டு
அந்த நாளை வெளியே விட்டது.
எண்ணினேன். பதினோரு விடியல்கள்.
மறுத்த நிரலை மன்னிக்கலாம்.
சரி சரி என்று தலையாட்டிய அந்த வாரங்களை என்ன செய்ய?

தமிழ் தெரிந்தவளுக்கு இந்தப் பிழை வந்திருக்கக் கூடாது.
கட்டு, பூட்டு, படி, அணை, ஆடு.
பெயரா, ஏவலா? பக்கத்தில் நிற்பதைக் கேட்டுத்தான் சொல்லும்.
என் பெயரே வா. எழினி;
வாகீசன் மகள்.
சம்பளப் பிரிவில் புள்ளியை எடுத்துவிட்டார்கள்.
ஆறு வருடமாக ஒவ்வொரு சீட்டும்
வா எழினி என்கிறது.
போகிறேன், வாங்கிக்கொள்கிறேன்.

திருத்தம் சின்னது.
தனியே இரண்டு கோடு, பிறகு இடைவெளி:

--

இதற்கப்பால் வருவதெல்லாம் பெயர்.
எத்தனை அதட்டலாகத் தெரிந்தாலும் கீழ்ப்படியாதே,
எடுத்து உள்ளே வை.

பியார்னியிடம் சொன்னேன், பதினொன்றையும் சேர்த்து.
மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடி நின்றது.
"குளிர்ந்தது ஞாபகம் இருக்கிறது," என்றான்,
"எவ்வளவு என்பதற்குத்தானே எழுதினேன்."
பிறகு,
"இரண்டு கோடா? ஒட்டியா, விட்டா?"
ஒட்டி, என்றேன்.
காகிதத்தில் பேனா இரண்டு முறை உரசியது.

இறங்கி வந்தேன்.
நிறுத்தத்துக்கு எதிரே வங்கியின் மின்பலகை: -24.
பழைய நிரல் இதை இரண்டு, நாலு என்று பிரித்து
எதையாவது நசுக்கியிருக்கும்.
வெறும் பெயர், என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
இந்த இரவின் பெயர்.
ஆனாலும் கை எழுந்து
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டது.