கணக்கு உதைக்கிறது

நெல் காயவில்லை. லாரியும் வரவில்லை.
ஈரமானி பத்தொன்பதில் நிற்கிறது.
பதினேழுக்கு இறங்கும்வரை எனக்கு வேலையில்லை.
செம்பனார்கோயிலுக்குக் கிழக்கே
ஒரு கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
ரசீதுக் கட்டுக்கு அடியில்
சபை நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவல்.

தரங்கம்பாடி. டேனிஷ்காரன் கோட்டை கட்டி இருந்த காலம்.
அருளாயி என்று ஒருத்தி, இருபத்தாறு வயது விதவை,
அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துக் கோக்கிறவள்.
தலைகீழாக வாசிப்பாள். ஜெபிப்பதும் தலைகீழ்தான்,
ஆமென்னில் தொடங்கிச் சண்டையில் முடிப்பாள்.

எனக்கும் இந்த நாவலாசிரியருக்கும் ஆகாது.
பக்கத்துக்குப் பக்கம் அவள் கன்னம் சிவக்கிறது.
எங்கள் வெயிலில் எவள் கன்னம் சிவந்தது?
கறுக்கும், அவ்வளவுதான்.
அப்புறம் அந்தக் குதிரை!
ஐப்பசி வெள்ளத்தில் உப்பனாற்றைக்
குதிரைமேல் கடக்கிறாளாம்.
சேற்றில் கால்வைத்தவர் எழுதுகிற வரியா இது?
மாடே இறங்காது, சார்.

ஆனாலும் மூன்றாம் முறையாக வாசிக்கிறேன்,
முந்நூற்றுப் பதினோராம் பக்கத்துக்காக.

கவர்னரின் ஆள் வந்து கேட்கிறான்:
கூலிக் கணக்கில் ஒரு சுழியைக் கூட்டிப் போடு,
உன் மறுமணச் செலவு எங்களுடையது.
அவள் வாய் திறக்கவில்லை.
ராத்திரி, மை போகாத விரலால்
மறுபடி மறுபடி கூட்டிப் பார்க்கிறாள்.
பிறகு கூரையைப் பார்த்து ஒரே வாக்கியம்:
"கணக்கு உதைக்குது ஆண்டவரே.
நீரே வந்து கூட்டிப் பாரும்."

அங்கே புத்தகத்தை மூடிவிட்டேன்.
எத்தனை இரவு இதே மேசையில்
சாக்குக்கும் பணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி
வாய்பிளந்து நிற்க, நான் சொன்னதும் அதுதான்.
இருநூற்றைம்பது வருஷம் முன்னால்
ஒருத்தி சொல்லிவிட்டாள்.
சொல்லவில்லை,
சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். தெரியும்.
தெரிந்துதான் அழுதேன்.

மகளின் ஞானஸ்நானச் சான்றுக்காகப் பொறையாறு போனேன்.
பூச்சி மருந்து அடிக்கப்
பழைய பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்கள்.
ஒரு வரி கண்ணில் பட்டது:
'தச்சன் சவரிராயன் மனைவி. காய்ச்சல்.'
அவனுக்குப் பெயர் இருந்தது, தொழில் இருந்தது.
காய்ச்சலுக்குக்கூடப் பெயர் இருந்தது.
அவளுக்கு ஒரு முற்றுப்புள்ளி.
அந்தப் புள்ளியைக் கிளறினால்
நானூற்றிருபது பக்கம் வரும் என்று
யாரோ ஒருவர் நம்பியிருக்கிறார்.
கிளறும்போது ஒரு குதிரையும் வந்துவிடுகிறது.
குதிரையை நான் அப்போதும் விடவில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள் தனக்கொடி.
அறுபத்திரண்டு சிப்பம்.
நட்டவள், பம்புசெட்டுக்குக் காவல் கிடந்தவள்,
மூன்று ராத்திரியாக நெல் குவியலோடு படுத்தவள்.
சிட்டா வீட்டுக்காரர் பேரில்,
வங்கிக் கணக்கு அவர் பேரில்,
அவர் திருப்பூரில்.
"பில்லுல எம் பேரு எங்கயாச்சும் வருமா?"
"வராதுக்கா."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சாக்கின் வாயை முறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

மறுநாள் வெயில் வந்து, பதினேழு வந்து,
தராசும் நகர்ந்தபின்
அடிக்கட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
தனக்கொடி. அறுபத்திரண்டு. மழையில் தனியாக.
எந்தத் தணிக்கையிலும் அது செல்லாது.
அழித்தால் காகிதம் கொஞ்சம் பளபளக்கும்,
அவ்வளவுதான்.

லாரி இன்னும் வரவில்லை.
பக்கத்தைப் புரட்டுகிறேன்.
வெள்ளம் குதிரையின் வயிற்றைத் தொடுகிறது.
அருளாயி கடிவாளத்தைச்
சாக்கின் வாய்போல் முறுக்கிப் பிடித்திருக்கிறாள்.
மாடு இறங்காதுதான்.
குதிரை இறங்கட்டும்.