நடுவில் கொஞ்சம் சும்மா இடம்

பத்தொன்பது வருடம் க்தினியா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்
கைக்கொரு கோல் பிடித்துக் கப்பல்களைக் காலிசெய்தவள்
ஒரு விளையாட்டுக் கோல் வாங்க
டிராலி பஸ்ஸில் போகிறேன்.

கடைப் பையன் இகோர்.
என் விரல்களைப் பார்த்துவிட்டுப்
பார்க்காதது மாதிரி இருக்க
இன்னும் பழகாத வயது.
முதலில் எடுத்து வைத்தது முழுக்க இரும்பு.
ஆயிரத்து அறுநூற்று நாற்பது ஸ்லோட்டி.
"நிஜப் போர் விமானத்தில் இருக்கிற அதே இறுக்கம்" என்றான்.
நிஜம் எனக்குக் கட்டாது, தம்பி,
விலையிலும் சரி, வலியிலும் சரி.

அடுத்தது: பிடியை முறுக்கினால் வால் திரும்பும்.
"சாவி திருப்புகிற மாதிரிதான், சுலபம்."
நான் சாவி திருப்பி இரண்டு வருடமாகிறது.
கொழுந்தன் செனோன் எங்கள் கதவுக்கு
எண் பூட்டு மாட்டிக் கொடுத்துவிட்டான்.

அடுத்தது, அதற்கடுத்தது
எல்லாம் வலது கைக்கென்றே குழித்த பள்ளங்கள்.
எனக்கு மிச்சமிருப்பது இடது.
இடதை அதில் வைத்தால்
கால் மாற்றிப் போட்ட செருப்பு.

"எவ்வளவுக்குள்?" என்று கடைசியில் கேட்டான்.
முதலிலேயே கேட்டிருக்கலாம்.
மாத்திரை, வெப்பக் கட்டணம் போக
பத்தாம் தேதி வரைக்கும்
இருநூற்றுப் பத்து.
சொன்னேன். சொல்லிவிட்டுக்
கண்ணாடி அலமாரியில் என் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது கையில் ஓரம் கிழிந்த பெட்டி.
இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல்
நேராக நிற்கிற கோல், எந்தக் கைக்கும் சம்மதம்.
யாரோ வாங்கிப் போய்த் திருப்பிவிட்டிருக்கிறார்கள்,
பில்லின் பின்னால் காரணம் எழுதியிருக்கிறது:
ஸ்பிரிங் ரொம்பத் தளர்வு.
இரண்டு விரலால் தள்ளிப் பார்த்தேன்.
போனது.
விட்டேன். அவசரமில்லாமல் திரும்பி வந்தது.
யாரோ ஒருவரின் புகார் எனக்குப் பத்தியமாயிற்று.
நூற்று எண்பத்தொன்பது.

வீட்டில், மேசையில் நிற்க மாட்டேன் என்று வழுக்கியது.
ரொட்டி வெட்டும் பலகையில் திருகி
பலகையைத் தொடையோடு பெல்ட்டால் கட்டினான் செனோன்.
பெடல் வாங்கக் காசில்லை,
வாலை விமானமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டோம்.
"காலை ஆட்டாமல் பறக்கிற ஒரே விமானி,
போலந்திலேயே நீதான் அண்ணி."
சிரித்துக்கொண்டே பசியோடு கிளம்பிப் போனான்.
ரொட்டி வெட்டப் பலகை இல்லை.

அவன் போன பிறகு அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.
எந்தக் கோலுக்கும் நடுவில் கொஞ்சம் சும்மா இடம் உண்டு.
அதற்குள் எவ்வளவு அசைந்தாலும்
அசைந்ததாகக் கணக்கில் வராது.
கிரேனில் அதை மூன்றாக வைத்திருந்தார்கள்.
கை நடுங்கத் தொடங்கிய குளிர்காலம்
மெக்கானிக்கிடம் கெஞ்சி ஐந்தாக்கினேன்.
அடுத்த குளிரில் எட்டு.
பன்னிரண்டில் ஒரு நாள்
கோல் எனக்குத் தாமதமாகக் காது கொடுத்தது.
கன்டெய்னர் ஒரு லாரியின் கூரையை உரசிப் போனது,
கூரையின் கீழே ஒருவன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
அன்றைக்கே படியிறங்கிவிட்டேன்.
மூட்டுவாதம் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்,
அது பொய்யில்லை.

இங்கே பதினான்கு வைத்தேன்.
ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஹெல் நீள்முனை கீழே
உரித்துப் போட்ட ஆப்பிள் தோல் மாதிரி கிடந்தது.
அதைத் தாண்டி, திரும்பி,
மெல்ல இறங்கி,
மெல்ல என்று நினைத்துத்தான் இறங்கி,
ஓடுபாதைக்கு இருநூறு மீட்டர் முன்னால்
ஒரு கோதுமை வயலில் மூக்கைச் செருகினேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
"மறுபடியுமா?" என்றது திரை.
குனிந்து கையைப் பார்த்தேன்.
நடுங்கிக்கொண்டு
கோலின் மேலேயே இருந்தது.