ஆட்சேபணை இல்லை

நான்கு வரி. நடுவில் என் பெயர்,
அடியில் முதல்வரின் பச்சை மை.
'மேற்படி மாணவி வேறு பல்கலைக்கழகத்துக்கு
மாறிச் செல்வதில் இக்கல்லூரிக்கு
எவ்வித ஆட்சேபணையும் இல்லை.'
பதினோரு நாள் அலைந்து வாங்கிய தாள்.
கைக்கு வந்ததும் லேசாக ஒரு கோபம்.
'எவ்வித' என்று எழுதியிருக்க வேண்டாம்.
ஏதோ ஒரு வித ஆட்சேபணை
சும்மா பேச்சுக்காவது இருந்திருக்கலாம்.

ஆவுடையம்மாள் மேடம்
முத்திரையை ஊதிக் காயவைத்துத் தந்தார்.
"கெடைக்குமா மேடம்?"
"கெடைக்கும்னா நான் பொறுப்பு.
கெடைக்காதுன்னா ஏன் சொன்னீங்கம்ப.
போயிட்டு வா."
அவர் மேசை விசிறி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை
இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

முருகன்குறிச்சி ஜெராக்ஸ் கடையில்
பாடத்திட்டம் மட்டும் நாற்பத்தாறு பக்கம்.
இங்கே படித்ததும் அங்கே படிக்கப்போவதும்
ஒன்றுதான் என்று காட்ட வேண்டுமாம்.
ஒன்றுதான் என்றால் எதற்குப் போகிறாய்
என்று கடைக்காரர் கேட்கவில்லை.
பின் அடித்ததற்குக் காசு வேண்டாம் என்றார்.

நான் புள்ளியியல் இரண்டாமாண்டு.
கணக்குப் போடத் தெரியும்.
சென்னையில் அந்த வகுப்பில் காலியிடம் ஒன்று.
போன வருஷம் இருபத்தேழு பேர் கேட்டு
மூன்று பேருக்குக் கிடைத்ததாம்.
மூவரில் ஒருத்தியின் அப்பாவுக்கு
இடமாற்றல் ஆணை கையில் இருந்ததாம்.
என் அப்பா வண்ணார்பேட்டையில் தண்ணீர் கேன் போடுகிறார்.
எந்த அரசாணையும் அவரை எங்கும் மாற்றாது.
எண்பத்தொரு சதவீத மதிப்பெண்: கூட்டிக்கொள்.
இரண்டாம் செமஸ்டரில் ஒரு அரியர்,
எழுதித் தேறிவிட்டேன், ஆனாலும்
பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி: கழித்துக்கொள்.
'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு விரல் அகலம்தான் இடம்.
அதில் நான் எழுதியது 'மேற்படிப்பு வாய்ப்பு'.
எழுதாமல் விட்டதை எந்தப் பக்கம் சேர்க்க?
ஒரு ராத்திரி பன்னிரண்டு சதவீதம் வந்தது.
மறுநாள், வயிறு நிறைந்திருந்தபோது, முப்பது.

ஷமீலா மட்டும்தான் திட்டினாள்.
"இருக்கதே ஒரு எடம். அதுக்குப் போயி சதவீதம் போடுதியே.
ஒண்ணு கெடைக்கும், இல்லன்னா சைபரு.
நடுவுல என்னட்டி பன்னெண்டு?"
தேர்வில் இப்படி எழுதினால் மார்க் விழாது.
பதில் சொல்லாமல் அவள் டப்பாவிலிருந்து
மீன் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

உறுத்துவது அந்தக் காலியிடம்.
யார் எழுந்து போனது?
பணம் கட்ட முடியாமலா, கல்யாணமா, காய்ச்சலா,
இல்லை, இன்னும் பெரிய ஊருக்கு
அவளும் ஒரு மனு போட்டாளா?
எழுந்தவளின் முகத்தைப் பாராமல்
அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து
ஜன்னல் வழியே துண்டு எறிகிறேன்.

பாளை தலைமைத் தபால் நிலையத்தில்
எடைபோட்டு, ரசீது வாங்கி, வெளியே வந்தால்
படியோரம் ஒருவன். மீசை
வரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற வயசு.
"அக்கா, எம்பேரு கொம்பையா. அம்பையில படிக்கேன்,
இதே பாடந்தான். ஆபீஸ்ல கேட்டேன்,
ரெண்டாமாண்டுல ஒங்க எடம்
காலியானாலும் ஆவும்னாங்க."
கக்கத்தில் பிளாஸ்டிக் உறை.
பார்வையிலேயே எண்ணிவிட்டேன்,
நாற்பது பக்கத்துக்குக் குறையாது.

என் இடம் மூன்றாம் வரிசை, சுவரோரம்.
விசிறிக் காற்று அங்கே எட்டாது.
பெஞ்சில் எனக்கு முன்னால் யாரோ காம்பஸ் முனையால்
பாதி எழுதிவிட்டுப்போன பெயர் இருக்கும்.
அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
அவன் அதைக் கேட்கவில்லை.

"ஒங்களுக்குக் கெடச்சிருமாக்கா?
எத்தன சதவீதம் இருக்கும்?"

பன்னிரண்டு என்று நாக்குவரை வந்தது.
மணி இரண்டாகியிருந்தது.
சாப்பிட்ட முகமாகத் தெரியவில்லை.

முப்பது, என்றேன்.