கதவு

'சாரல் கார் வாங்கினால் டிரைவர் ஓசி.
கதவை வெளியே இருந்துதான் திறக்க முடியும்.'
டிவிக்கு நான் எழுதியது.
மூன்று வாரம் ஊரே சிரித்தது.
கம்பெனி நொடித்ததற்கு நான் மட்டும் காரணமில்லை.

சாயல்குடி பஸ் நிறுத்தத்தில்
மச்சான் சந்தியாகு நின்றான்,
அதே சாரலோடு.
தவணை இன்னும் இருபத்தாறு மாதம்.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி, நகரை மீன் வாடை.
சக்கரத்துக்கு மேலே
உப்புக்காற்று தின்ற ஓட்டையில்
எம்-சீல் அப்பியிருந்தான்.
'மூடப்போறாங்களாமே?' என்றேன்.
கியர் மாற்றினான்.

மூக்கையூரில் வண்டி நின்றதும்
பழக்கத்தில் கைப்பிடியை இழுத்தேன்.
'இரு மாப்ள,
ஓசி டிரைவர் வாறேன்.'
இறங்கி
முன்பக்கம் சுற்றி வருகிறான்,
செருப்பு மணலில் புதையப் புதைய.