சொட்டை

ஏழு நிமிடம்தான் பெய்தது.
அல் ஐன் சனாயாவில் இன்று
சொட்டை விழாத கார் இல்லை.

பள்ளிகளுக்கு விடுமுறையாம், ரேடியோவில்.
எங்களுக்கு ஓவர்டைம்.

தன் கம்பளியை முதலாளியின் வண்டிக்குப் போர்த்திவிட்டு
இரவெல்லாம் விறைத்த குல்சமான்
தும்மிக்கொண்டே வருகிறான்:
ஒரு கீறல் இல்லை,
கம்பளிதான் இன்னும் காயவில்லை.

மம்மதுகோயா கடை ஐஸ்பெட்டியில்
மீன்களுக்கு நடுவே
எலுமிச்சை அளவு ஆலங்கட்டி ஒன்று.
பார்க்கலாம், தொடக்கூடாது.
காலையிலிருந்து மூடியைத் திறந்து திறந்தே
அது நெல்லிக்காய் ஆகிவிட்டது.

பானெட்டுக்கு அடியில் கம்பியை நுழைத்து
ஒவ்வொன்றாய் நெம்புகிறேன்.
அறுபத்து மூன்றாவது சொட்டையில்
பூங்கோதையின் அழைப்பு:
"அங்க கல்மழையாமே, சேதமா?"

"நிறைய" என்றேன்,
குரலில் சிரிப்பு
கசியாமல் பார்த்துக்கொண்டு.