கடைசி ரீல்

வடக்கு டகோட்டா. கோதுமை அறுத்த வயலோரம்
காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் கொட்டகை.
அப்பா ப்ரொஜெக்டர். அண்ணன் டிக்கெட்.
பாப்கார்ன் நான். வயது பதின்மூன்று.

இந்த வாரம் ஓநாய்ப் பையன் படம்.
ஒரே படத்தை ஆறு இரவு பார்ப்பவளுக்கு
மூன்றாம் இரவே பயம் விட்டுப்போகும்.
அப்புறம் மற்றதெல்லாம் கண்ணில் படும்.

கிழிவதற்கு முன்பே
சட்டை அவனுக்குச் சின்னதாகித்தான் இருந்தது.
நகம் நீள்வதற்கு முந்தைய காட்சியில்
பால் தம்ளரைக் கை நழுவவிடுகிறான்.
முதுகெலும்பு முறுக்கும்போது அவன் கத்துவது
வலியில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.
எனக்கென்னவோ வெட்கம் என்றுதான் படுகிறது.
விடிந்ததும் காட்டில் அம்மணமாய் விழித்து
தலையில் சருகோடு பின்வாசல் வழியே வருகிறான்.
அவன் அம்மா திரும்பாமலே கேட்கிறாள்:
முட்டை ஒன்றா, இரண்டா?

ஹால்வோர் இப்போதெல்லாம் குளியலறையைத் தாழிட்டால்
திறக்க நேரமாகிறது.
அப்பாவின் பிளேடால் மேலுதட்டில் மூன்று வெட்டு.
"அடுத்த கார்" என்று அவன் தொடங்கும் வாக்கியத்தை
வேறு யாரோ முடித்துவைக்கிறார்கள்.
போன மாதம் ஸ்டோர் ரூம் கதவை உதைத்துப் பிளந்தான்;
இருட்டும்வரை அங்கேயே நின்று
பிளந்த பலகையைத் தடவிக்கொண்டிருந்தான்.

படத்தில் பையன் காலண்டரில்
பௌர்ணமிக்கு வட்டம் போடுவான்.
நானும்தான் போடுகிறேன், ஏப்ரலிலிருந்து,
பென்சிலால், அழிக்கத் தோதாக.
வசனமே இல்லாத அந்த ஒரு ஷாட் வரும்போதெல்லாம்
பாப்கார்ன் கருகியது.

சனிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல்.
ரீல் மாற்றத் தெரிந்தவள் நான்தான்.
ஐந்தாவது முடிந்தது. ஆறாவதில்
ஷெரிஃப் இருக்கிறார், வெள்ளித் தோட்டா இருக்கிறது,
பனியில் சுருண்டு மறுபடி பையனாகிற உடம்பு இருக்கிறது.
அதன் டப்பாமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வெள்ளைத் திரை.
ஒரு ஹாரன். பிறகு நாற்பது ஹாரன்.
யாரோ காசைக் கேட்டுக் கீழ்க் கதவைத் தட்டினார்கள்.
படியேறி வந்த ஹால்வோர்
டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
உதட்டில் பிளாஸ்திரி.
"இங்க்ரி, அவன் எங்க போனான்?"
பாதியில் உடைந்தது குரல்.
"இன்னும் ஓடிக்கிட்டிருக்கான்."

ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கி
கல்லாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு
கார் காராகக் காசைத் திருப்பிக் கொடுத்தான்.
அத்தனை ஹெட்லைட்டும் அவன்மேல்.
வெற்றுத் திரையில் அவன் நிழல் ஏறியது,
தோளுக்கு மேல் திரை போதவில்லை.